தகராறான பொருளை வெளியே விட்ட ஒன்றிணைப்பு: காங்கேசன்துறை – நாகபட்டினம் தொடுப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

இலங்கையின் வடகரையிலுள்ள காங்கேசன்துறையிலிருந்து தமிழ்நாட்டின் நாகபட்டினம் ஏறத்தாழ 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீற்றர். சிறிய பயணிகள் கப்பல் நாலு மணித்தியாலத்தில் போய்விடும். ஆனால் காங்கேசன்துறைக்கு அடுத்த ஊரில் காய்ச்சிய பனங்கட்டியை வியாபாரச் சரக்காகத் தமிழ்நாட்டுக்கு அனுப்புவதானால், அது முதலில் ஏ-9 வீதியால் தெற்கே 400 கிலோமீற்றர் ஓடிக் கொழும்புக்குப் போக வேண்டும். அங்கே கொள்கலனில் ஏறி, தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ திரும்ப வடக்கே வரவேண்டும். மூக்கைச் சுற்றித் தொடும் இந்தப் பாதைக்கு யுத்தமும் துறைமுக ஆழமும் மட்டும் காரணமல்ல. அயல்நாடுகள் இரண்டு, இரண்டும் தேர்தல் வைக்கும் நாடுகள், 1998 முதல் தமக்குள் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை வைத்திருப்பவை. அப்படியிருந்தும் அந்த 110 கிலோமீற்றர் ஏன் இன்னும் ஒரு சாதாரண வழியாகவில்லை என்பதுதான் இங்கே ஆராயப்படுவது.

மூன்று பாதைகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும்: ஆட்கள் போகும் பாதை, சரக்கு போகும் பாதை, மீன் பிடிக்கும் கடல். முதலாவது ஓரளவு திறந்திருக்கிறது. இரண்டாவது கடதாசியில் திறந்திருக்கிறது. மூன்றாவதில் வலை அறுகிறது, ஆட்கள் சிறைக்குப் போகிறார்கள். இரு அரசுகளும் இலகுவானதிலிருந்து கடினமானதை நோக்கிப் போகலாம் என்று நினைத்தே வேலை செய்துவந்திருக்கின்றன. எங்கள் கணிப்பு, அந்த வரிசையே பிழை என்பது.

ஆட்களின் பாதை

1914 பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தபோது சென்னையிலிருந்து ரயில், தனுஷ்கோடியிலிருந்து கப்பல், தலைமன்னாரிலிருந்து மறுபடி ரயில் என்று ஒரே பயணச்சீட்டுப் பயணம் வந்தது. 1964 டிசெம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களின் நடுப்பகுதியில் யுத்தத்தோடு நின்றது. இன்றைக்குப் பேசப்படும் ‘புதிய இணைப்பு’ எல்லாம், ஒரு காலத்தில் இருந்ததை எட்டிப் பிடிக்கும் முயற்சிதான்.

யாழ்ப்பாணத்துப் பலாலி 2019 ஒக்ரோபர் 17 அன்று சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசெம்பர் 12 அன்று மீண்டும் ஓடியது. ஓடுபாதை நீளம் போதாததால் ஏ.டி.ஆர். 72 போன்ற எழுபது எண்பது இருக்கைச் சுழல்விசிறி விமானங்களே இறங்குகின்றன. அந்த அளவு விமானத்தில் பயணிகள் நிறைந்தால் பொதி குறைக்க வேண்டும். பொதியை ஏற்றினால் ஆள் குறைக்க வேண்டும். சரக்கு விமானப் போக்குவரத்து என்று பேசுபவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்ப்பது நல்லது.

கப்பலின் கதை இன்னும் தெளிவான பாடம். 2023 ஒக்ரோபர் 14 அன்று ‘செரியபாணி’ என்ற 150 பேர் ஏறும் அதிவேகக் கப்பல் தொடக்கவிழாவோடு வந்தது. ஒரு வாரமளவில் சேவை நின்றது, காரணம் வடகீழ்ப் பருவக்காற்று. ஒக்ரோபர் பிற்பகுதியிலிருந்து தை வரை பாக்குநீரிணை கொந்தளிக்கும் என்பது பருத்தித்துறையில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். சிறிய அதிவேகக் கப்பல்கள் அலை உயரம் ஓர் அளவைத் தாண்டினால் புறப்படவே அனுமதி இல்லை. போதாக்குறைக்கு நாகபட்டினம் துறைமுகம் கடுவையாற்றின் வாயில் இருப்பது. ஆழம் குறைவு, மணல் அடைக்கும். ஆகவே பெரிய கப்பல் உள்ளே வராது. சின்னக் கப்பல் மாரியில் ஓடாது. திகதியை நாட்காட்டி பார்த்து வைத்திருந்தால் இந்தத் தொடக்கம் ஆறு மாதம் முந்தியிருக்கும், அல்லது பிந்தியிருக்கும்.

2024 ஓகஸ்ட் 16 அன்று ‘சிவகங்கை’ கப்பலோடு தனியார் நிறுவனம் ஒன்று சேவையை மீண்டும் தொடங்கியது. இம்முறை திட்டமிட்டவர்கள் ஒன்றைக் கற்றிருந்தார்கள்: பயணச்சீட்டுப் பணத்தில் மட்டும் இது ஓடாது. மாரியில் மாதக்கணக்கில் வருமானம் இல்லை. கப்பல் வாடகை, காப்புறுதி, மாலுமி சம்பளம் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் இந்திய அரசு நாகபட்டினத் துறைமுகக் கட்டணம் உட்பட இயக்கச் செலவின் ஒரு பகுதியை ஏற்றது. இலங்கை கப்பல் பயணிகளுக்கான புறப்படு வரியைக் குறைத்தது. 2023இல் 18 சதவீத வரியோடு 7,670 இந்திய ரூபாய் என்று அறிவித்த சீட்டுவிலை, விமானத்தோடு போட்டி போடக்கூடியதாக இருக்கவில்லை. சீட்டு விலையில் எவ்வளவு கப்பலுக்கு, எவ்வளவு இரு அரசுகளின் வரிக்கும் துறைமுகக் கட்டணத்துக்கும் என்று பிரித்துப் பார்த்தால்தான் ‘இணைப்பு’ என்பதன் உண்மையான விலை தெரியும். துறைமுகத்தைத் திருத்த இந்தியா முதலில் கடனாகத் தருவதாகச் சொன்னதை, 2024இல் 6.15 கோடி அமெரிக்க டொலர் நன்கொடையாக மாற்ற இணங்கியது.

இங்கே உள்ளூர் அரசியல் ஒன்றும் குறுக்கே நிற்கிறது. பலாலியும் காங்கேசன்துறையும் 1990இலிருந்து இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த வலிகாமம் வடக்கில் இருக்கின்றன. மயிலிட்டித் துறைமுகம் விடப்பட்டது 2017 யூலையில்தான். ஓடுபாதையை நீட்ட வேண்டுமென்றால் யாருடைய காணி என்ற கேள்வி உடனே எழும். முப்பது வருடம் முகாமில் இருந்தவரிடம் ‘பிராந்திய ஒன்றிணைப்புக்காக’ என்று சொல்லி இன்னொரு தடவை காணி கேட்பது இலகுவல்ல, நியாயமும் அல்ல.

சரக்கின் பாதை

இந்திய – இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசெம்பர் 28 அன்று கைச்சாத்தானது, 2000 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வரி நீக்கத்தை இந்தியா 2003இல் முடித்தது, இலங்கை 2008இல். சிறிய நாட்டுக்கு நீண்ட அவகாசம் என்பது நல்ல வடிவமைப்பு. ஆனால் சலுகை இல்லாப் பட்டியல்கள் இரண்டு பக்கமும் இருந்தன; இலங்கையின் பட்டியலில் 1,180 பொருட்கள். இந்தியா தேயிலைக்கு வருடம் 1.5 கோடி கிலோ, ஆயத்த ஆடைக்கு 80 இலட்சம் உருப்படி என்று அளவு வைத்தது. தொடக்கத்தில் தேயிலை இறக்கக்கூடிய இந்தியத் துறைமுகங்களையும் ஒன்றிரண்டாக மட்டுப்படுத்தியிருந்தது. வரியில் கதவைத் திறந்து துறைமுகத்தில் சாத்துவது என்றால் இதுதான்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சிறு உற்பத்தியாளர் இந்த உடன்படிக்கையைப் பயன்படுத்த விரும்பினால் என்ன செய்ய வேண்டும்? மாம்பழ ஜாம் ஒன்றை எடுத்துப் பார்ப்போம்.

முதலில் எச்.எஸ். குறியீடு, அதாவது சுங்கம் பொருட்களை வகைப்படுத்தும் சர்வதேச எண். ஜாம் 2007. அது இந்தியாவின் சலுகை இல்லாப் பட்டியலில் உண்டா, அளவுக் கட்டுப்பாடு உண்டா என்று பார்க்க வேண்டும். அடுத்தது தோற்ற விதி, அதாவது பொருள் உண்மையில் இலங்கையில் உண்டானதா என்ற சோதனை. இதில் இரண்டு சோதனை. ஒன்று, வெளிநாட்டு மூலப்பொருள்கள் ஏற்றுமதித் துறைமுக விலையில் 65 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதாவது உள்நாட்டில் 35 சதவீதமாவது பெறுமதி கூடியிருக்க வேண்டும். இந்திய மூலப்பொருள் பாவித்தால், இலங்கையில் 25 சதவீதமும் இரு நாடும் சேர்ந்து 35 சதவீதமும் போதும். மற்றது, வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் நாலு இலக்கக் குறியீடும் முடிவுப் பொருளின் குறியீடும் வேறாக இருக்க வேண்டும்.

கணக்கைப் போடுவோம். ஜாம் போத்தல்கள் கொண்ட ஒரு பெட்டி துறைமுக விலையில் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இறக்குமதிச் சீனி 1,800, போத்தலும் மூடியும் 1,500, ஜாமை இறுகவைக்கும் பெக்டின் 600, லேபல் 200. மொத்தம் 4,100, 41 சதவீதம். முதல் சோதனையில் சித்தி. சீனி 1701, பெக்டின் 1302, போத்தல் 7010. எதுவும் 2007 அல்ல. இரண்டாவதிலும் சித்தி. மாம்பழம் எங்கள் ஊர்க் கறுத்தக்கொழும்பான் என்றால் பேச்சே இல்லை.

இப்போது மிளகாய்த்தூளை எடுங்கள். செத்தல் மிளகாயை வெளிநாட்டிலிருந்து வாங்கி, சுன்னாகத்திலோ கோப்பாயிலோ வறுத்து அரைத்துப் பொதி செய்தாலும் பெறுமதி 35 சதவீதத்தைத் தாண்டக்கூடும். ஆனால் முழு மிளகாயும் அரைத்த மிளகாயும் ஒரே 0904. குறியீடு மாறவில்லை, சலுகை கிடையாது. இந்த இடத்தில்தான் கனபேர் விழுகிறார்கள். விண்ணப்பம் போட்ட பிறகு கண்டுபிடிப்பதைவிட ஆலை போடுவதற்கு முன் கண்டுபிடிப்பது மலிவு.

பிறகு செலவுக் கூற்று, வர்த்தகத் திணைக்களத்தின் தோற்றச் சான்றிதழ், தாவரப் பொருளென்றால் தாவரச் சுகாதாரச் சான்றிதழ். அதோடு முடியாது. 2020 செப்ரெம்பர் 21 முதல் இந்தியச் சுங்கத்தின் புதிய விதி, சான்றிதழ் மட்டும் போதாது, இறக்குமதி செய்பவரே தோற்றத்துக்கான விபரங்களைப் படிவத்தில் வைத்திருக்க வேண்டும், ஐந்து வருடம் பாதுகாக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் இதன் பொருள், யாழ்ப்பாண உற்பத்தியாளர் தன் செலவு விபரத்தை இந்திய வாங்குபவருக்குத் திறந்து காட்ட வேண்டும். விலை பேசும் ஆளிடம் உங்கள் அடக்கவிலையைக் கொடுத்துவிட்டு எப்படி விலை பேசுவது? சின்ன ஆட்கள் சலுகையே வேண்டாமென்று முழு வரி கட்டிவிடுவதற்கு இது போதும்.

அடுத்தது ஆயுட்காலம். இந்திய உணவுப் பாதுகாப்பு இறக்குமதி விதிப்படி, சரக்கு வந்து சேரும்போது ஆயுளில் 60 சதவீதமோ மூன்று மாதமோ, இரண்டில் குறைந்தது மிச்சமிருக்க வேண்டும். ஆறு மாத ஆயுளுள்ள பொருளுக்கு 60 சதவீதம் 108 நாள். மூன்று மாதம் 90 நாள். ஆகவே 90 போதும். மூன்று மாத ஆயுளுள்ள பலகாரத்துக்கு 54 நாள் மிச்சம் வேண்டும். செய்த நாளிலிருந்து கணக்கிட்டால் கையில் இருப்பது 36 நாள். அந்த 36 நாளுக்குள் பொதி சேர்த்து, சான்றிதழ் எடுத்து, கொழும்புக்கு லொறி ஏற்றி, கப்பலுக்குக் காத்திருந்து, இந்தியத் துறைமுகத்தில் மாதிரி எடுத்துச் சோதனை முடிய வேண்டும். சரக்கு காங்கேசன்துறையால் போகுமென்றால் இதே 36 நாள் தாராளம். இங்கே தூரம் என்பது கிலோமீற்றர் அல்ல, மிச்சமுள்ள ஆயுள்.

மறுபக்கமும் வெள்ளை இல்லை. இலங்கை சுங்கத் தீர்வையைக் குறைத்துவிட்டு, செஸ் வரி, துறைமுக விமான நிலைய அபிவிருத்தி வரி என்று வேறு பெயர்களில் அறவிட்டது. பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு போன்றவற்றுக்கு 2007ஆம் ஆண்டின் சட்டப்படி விசேட பண்டத் தீர்வை வர்த்தமானியில் ஒரே இரவில் ஏறும், இறங்கும். யாழ்ப்பாணத்து வெங்காய, உருளைக்கிழங்குக் கமக்காரருக்கு அறுவடை நேரத்தில் அந்தத் தீர்வைதான் பாதுகாப்பு. அதைக் கைவிடச் சொல்ல எங்களுக்கு மனம் வராது. ஆனால் எப்போது ஏறும் என்று முன்கூட்டியே தெரியாத வரி, கமக்காரரையும் காப்பாற்றாது, வியாபாரியையும் வளர்க்காது. அறுவடை மாதங்களுக்கென்று முன்னரே எழுதி வைத்த பருவகாலத் தீர்வை இரண்டு பேருக்கும் நல்லது.

உடன்படிக்கையைத் தோற்ற விதியில் தளர்வாகவும் வரி வித்தியாசத்தில் அகலமாகவும் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வனஸ்பதி உதாரணம். இந்தியாவில் பாமாயிலுக்கு உயர்ந்த வரி, இலங்கையில் குறைந்த வரி. பாமாயிலை இலங்கைக்குள் இறக்கி, வனஸ்பதியாக்கி, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பத் தொழிற்சாலைகள் முளைத்தன. செம்பிலும் இதே கதை. 2000களின் நடுவில் இந்தியாவுக்கான இலங்கை ஏற்றுமதியில் இவை இரண்டும் பெரும் பங்கு. இந்தியா வருடம் 2,50,000 தொன் என்று அளவு வைத்தது, பாமாயில் வரியையும் குறைத்தது. தொழிற்சாலைகள் மூடின. வரி வித்தியாசத்தில் கட்டிய தொழில், அந்த வித்தியாசம் போகும் நாளில் போய்விடும்.

சேவைகளையும் முதலீட்டையும் சேர்த்த விரிவான உடன்படிக்கை 2008 ஓகஸ்டில், தெற்காசிய நாடுகளின் அமைப்பான சார்க்கின் கொழும்பு மாநாட்டு நேரத்தில் கைச்சாத்தாகும் நிலைவரை வந்து நின்றது. தென்னிலங்கை வர்த்தக சமூகத்தின் எதிர்ப்பும் தொழில்வாய்ப்புப் பயமும் காரணம். 2016இல் வேறு பெயரில் மறுபடி பேச்சு, இன்னும் முடிவில்லை. பணத்தின் பக்கம்தான் சத்தமில்லாமல் முன்னேறியது: 2022 நெருக்கடியில் 40 கோடி டொலர் நாணய மாற்று, 100 கோடி டொலர் அத்தியாவசியக் கடன்வசதி, 2024 பெப்ரவரி 12 முதல் இந்தியப் பயணி தன் கைபேசியால் யாழ்ப்பாணக் கடையில் கியூ.ஆர். குறியீட்டில் பணம் கட்டும் வசதி. இதற்கெல்லாம் ஊர்வலமும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. யாருடைய தொழிலும் இதனால் போகவில்லை என்பதால்தான்.

கடல்

இப்போது உண்மையான தகராறு.

1974 யூன் உடன்படிக்கை பாக்குநீரிணையில் எல்லைக் கோட்டைப் போட்டது, கச்சதீவு இலங்கைப் பக்கம் வந்தது. 1976 மார்ச் உடன்படிக்கை மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் எல்லை போட்டது. கோடு போட்டவர்கள் கோட்டுக்குக் கீழே உள்ள மீனை யார், எதனால், எத்தனை நாள் பிடிப்பது என்று எழுதவில்லை. பாக்குநீரிணை பெரும்பாலும் 15 மீற்றருக்கு உட்பட்ட ஆழம். இறால் நிறைந்த தரை. 1950களிலிருந்து, கடல் தரையோடு வலையை இழுக்கும் இழுவைமடித் தொழில் தமிழ்நாட்டில் அரச ஊக்கத்தோடு வளர்ந்தது. வடபகுதியில் யுத்த காலத்தில் கடலுக்குப் போவதே தடை. அந்த இடைவெளியில் தமிழ்நாட்டுப் படகுகள் இங்கே தொழில் செய்து பழகின. 2009இற்குப் பிறகு எங்கள் ஆட்கள் கண்ணாடியிழைப் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் தங்கூசி (நைலோன் இழை) வலையுமாக இறங்கியபோது, அதே தரையில் றோலர் (இழுவைப்படகு) இழுத்துக்கொண்டிருந்தது.

ஏன் இரண்டு தொழிலும் ஒன்றாக இருக்க முடியாது? எங்கள் ஆட்களின் செவுள் வலையை, அதாவது மீனின் செவுள் மாட்டும் வலையை, இரவில் விரித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இழுவைமடி தரையை வாரிக்கொண்டு போகும்போது வழியில் கிடக்கும் வலை முழுவதும் அதோடு போய்விடும். ஒரு வலைத்தொகுதி போனால் பல மாத உழைப்பு. ஆகவே இராமேஸ்வரத்து விசைப்படகுகள் வழமையாகக் கடலுக்கு வரும் கிழமையில் மூன்று நாளும் நெடுந்தீவு, அனலைதீவுப் பக்கத்தவர் வலை விரிக்காமல் கரையில் நிற்பார்கள். அறுந்த வலையைக் கணக்கெடுப்பவர்கள் விரிக்காத வலையைக் கணக்கெடுப்பதில்லை. நட்டத்தின் பெரிய பகுதி அதுதான்.

இலங்கை 2017இல் 11ஆம் இலக்கச் சட்டத்தால் இழுவைமடியைத் தடை செய்தது. 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டப்பணத்தைப் படகின் நீளத்துக்கேற்ப 50 இலட்சம் முதல் 17.5 கோடி ரூபாய் வரை உயர்த்தியது. (குருநகரிலும் சொந்த இழுவைப்படகுகள் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அயலவருக்கு மட்டும் சட்டம் காட்டினால் பேச்சுமேசையில் முகம் வாடும்.) 2024இல் மட்டும் 500க்கு மேற்பட்ட இந்திய மீனவர்கள் கைதானார்கள். கைதும் தடையும் படகு முதலாளியைத் தொடுவது குறைவு. கூலிக்கு வந்தவர்தான் சிறையில்.

தமிழ்நாட்டுப் பக்கம் 2017இல் ஒரு மாற்றுத் திட்டம் வந்தது: 2,000 இழுவைப்படகை ஆழ்கடல் தூண்டில் படகாக மாற்றுவது. படகு ஒன்று 80 இலட்சம் இந்திய ரூபாய். மத்திய அரசு 50 சதவீதம், மாநிலம் 20, வங்கிக் கடன் 20, உரிமையாளர் 10. கடதாசியில் தாராளமான திட்டம். ஓடாமல் போனதற்குக் காரணம் விகிதத்தில் இல்லை. உரிமையாளர் 8 இலட்சம் கட்டி, 16 இலட்சம் கடன்பட வேண்டும். செலவு கூடினால் அதுவும் அவர் தலையில். ஒரு இரவு போய் வரும் தொழிலாளியை நாட்கணக்கில் ஆழ்கடலுக்கு அனுப்பப் பயிற்சி வேண்டும். அந்தப் படகை நிறுத்த ஆழமான துறை வேண்டும். இராமேஸ்வரத்தில் அது இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, படகு உரிமையாளருக்குத் தான் மானியம். இறால் பொறுக்குபவர், ஐஸ் உடைப்பவர், கூலி மாலுமி ஆகியோர் திட்டத்தில் இல்லவே இல்லை.

ஆனால் மீனவர்கள் தாங்களே பேசியபோது எண்கள் மேசைக்கு வந்தன. 2010 ஓகஸ்டில் தமிழ்நாட்டுக் குழு இங்கே வந்து பேசியதில், இழுவைமடியை ஒரு வருடத்தில் நிறுத்துவது, அதுவரை நாட்களை மட்டுப்படுத்துவது என்று ஓர் இணக்கம் பிறந்தது. அரசுகள் அதை ஏற்றுக் கையெழுத்து வைக்கவில்லை. 2015 மார்ச்சில் சென்னையில் தமிழ்நாட்டு மீனவர்கள் மூன்று வருடத்துக்கு, வருடம் 83 நாள் இழுவைமடி இழுக்கக் கேட்டார்கள். எங்கள் ஆட்கள் மறுத்தார்கள். 83 என்று ஒரு எண் வந்துவிட்டால் அது பேரம். அதன் பிறகு அந்த நாட்களை யார் எண்ணுவது, மீறினால் யார் உரிமத்தைப் பறிப்பது என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் அமைப்பு இல்லை. 2016 நவம்பரில் உருவாக்கிய கூட்டுச் செயற்குழு கூடுகிறது, கதைக்கிறது, பிரிகிறது. படகு உரிமத்தில் கைவைக்க அதற்கு அதிகாரம் இல்லை.

ஏன் இல்லை என்றால், அதிகாரம் நாலு இடத்தில் சிதறிக் கிடக்கிறது. இந்திய அரசியலமைப்பில் ஆட்புலக் கடலுக்குள் (நாட்டுக்கு முழு உரிமையுள்ள கரையோரக் கடல்) மீன்பிடி மாநிலத்துக்கு, அதற்கு வெளியே மத்திய அரசுக்கு. எல்லையும் வெளியுறவும் டெல்லி. இலங்கையில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தப்படி ஆட்புலக் கடல் மீன்பிடி மாகாணத்துக்கும் மத்திக்கும் பொதுவான விடயம். ஆனால் 2013இல் தெரிவான வடக்கு மாகாண சபை 2018 ஒக்ரோபரில் முடிந்ததிலிருந்து தேர்தல் இல்லாமல் கிடக்கிறது. ஆகவே சென்னையில் வாக்குக் கேட்கும் ஓர் அரசு உண்டு, யாழ்ப்பாணத்தில் அதற்கு எதிரே உட்கார ஓர் அரசு இல்லை. சார்க் சாசனத்தின் பத்தாவது உறுப்புரை, இருதரப்புத் தகராறுகளை விவாதத்திலிருந்தே விலக்கிவிட்டது. ஆகவே அங்கேயும் போக முடியாது.

இந்தக் கடலில் ஒழுங்காக நடக்கும் ஒரே கூட்டு நிகழ்ச்சி கச்சதீவு அந்தோனியார் திருவிழா. 1974 உடன்படிக்கையின் ஐந்தாவது உறுப்புரை கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் வரலாம் என்கிறது. இடம் குறித்தது, நாள் குறித்தது, பெயர்ப்பட்டியல் முன்கூட்டியே வரும், யாழ் மாவட்டச் செயலகம் பொறுப்பு. இவ்வளவு தெளிவாக எழுதிவைத்தால் எல்லை ஒரு பிரச்சினையாகத் தெரிவதில்லை.

நிலக்கரியும் உருக்கும்

ஐரோப்பியக் கதையை இங்கே பெரும்பாலும் அதன் முடிவிலிருந்து சொல்வார்கள்: ஒரே நாணயம், கடவுச்சீட்டு இல்லாத பயணம். தொடக்கத்தைப் பார்த்தால் வேறு பாடம். 1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ஷூமான் அறிவித்ததும், 1951 ஏப்ரல் 18 அன்று பாரிஸில் ஆறு நாடுகள் கையெழுத்திட்டதும் நிலக்கரிக்கும் உருக்குக்கும். பிரான்ஸும் ஜெர்மனியும் எதற்காகச் சண்டை பிடித்தனவோ, எதை வைத்துச் சண்டை பிடித்தனவோ, அதையே முதலில் பொது அதிகாரசபையின் கீழ் வைத்தார்கள். சுற்றுலாவில் தொடங்கவில்லை. அந்த அதிகாரசபைக்கு உற்பத்தியில் 1 சதவீதம் வரை தானே வரி அறவிடும் உரிமை இருந்தது. மூடும் சுரங்கத்துத் தொழிலாளருக்கு இடைக்கால உதவியும் மறுபயிற்சியும் கொடுக்க 56ஆவது உறுப்புரை இருந்தது. முதலாளிக்கு மட்டுமல்ல, சுரங்கத்துக்குள் இறங்கியவருக்கும். தீர்ப்புச் சொல்ல ஒரு நீதிமன்றம் இருந்தது. 1976இல் ஜெர்மனி ‘இந்த மதுவில் சாராய அளவு குறைவு’ என்று ஒரு பிரெஞ்சு மதுவை மறுத்தபோது, இறக்குமதியாளர் அமைச்சரைத் தேடிப் போகவில்லை. வழக்குப் போட்டு 1979இல் வென்றார். யாழ்ப்பாண ஜாம் உற்பத்தியாளருக்கு அப்படி ஒரு வாசல் இல்லை.

மீனிலும் ஐரோப்பா 1983 முதல் ஒவ்வொரு இனத்துக்கும் வருடப் பிடி அளவு நிர்ணயித்து, நாடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அது ஒன்றும் சொர்க்கமல்ல. அளவை விஞ்ஞானிகள் சொன்னதற்கு மேலே அமைச்சர்கள் ஏற்றினார்கள், மீன் குறைந்தது, பிடித்ததைக் கடலில் கொட்டுவதைத் தடுக்க 2013இல் சீர்திருத்தம் வேண்டியிருந்தது. ஆனால் சண்டை எண்ணிக்கைக்காக நடந்தது, துப்பாக்கி முனையில் அல்ல.

ஒன்றை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைச்சர்கள் சபையில் இன்று ஒரு தீர்மானத்துக்கு 55 சதவீத நாடுகளும் 65 சதவீத மக்கள்தொகையும் வேண்டும். சிறிய நாடுகள் சேர்ந்து பெரியதைத் தடுக்கலாம். இரண்டே உறுப்பினர் உள்ள சபையில் பெரும்பான்மை என்று ஒன்று இல்லை. ஒன்றில் இருவருக்கும் வீட்டோ, இல்லையெனில் 140 கோடி 2.2 கோடியை முழுங்கிவிடும். கொழும்பின் பயம் வெறும் இனவாதம் என்று இங்கே சிலர் தள்ளிவிடுவார்கள்; அதில் கணிதமும் இருக்கிறது. ஆகவே வாக்கெடுப்பு இல்லாமல் நடக்கக்கூடிய அமைப்புத்தான் பொருந்தும்: எண்ணை முன்கூட்டியே எழுதிவிட்டு, மீறல் நடந்ததா என்று மட்டும் மூன்றாம் தரப்பு சொல்வது.

அப்படிப் பார்த்தால் பாக்குநீரிணை அதிகாரசபை ஒன்றுக்கு ஐந்து உறுப்புகள் போதும். இரு பக்க இழுவைப்படகுகள் அனைத்தும் உள்ள ஒரே பதிவேடு. படகுக்குப் படகு கட்டாயக் கண்காணிப்புக் கருவி, அதன் தரவு இரு கரையிலும் ஒரே நேரத்தில் தெரிவது. நாட்களின் எண்ணிக்கை வருடாவருடம் இறங்கும் அட்டவணை, கடைசி வருடம் பூச்சியம். வலை அறுந்தால் நீதிமன்றப் படியேறாமல் முப்பது நாளில் கொடுக்கும் நட்டஈட்டு நிதி. படகு உரிமையாளருக்குப் போகும் மானியத்தில் குறித்த பங்கு கூலி மாலுமிக்கும் கரைத் தொழிலாளிக்கும் நேரே போவது. நிதிக்கு இரண்டு அரசையும் கெஞ்ச வேண்டாம். இரு கரையிலும் ஏற்றுமதியாகும் இறாலிலும் நண்டிலும் சிறு அறவீடு வைத்தால் வரும். கருவியை நிறுத்திவிட்டு வரும் படகுதான் முதல் ஓட்டை. ஆகவே கருவி அணைந்திருந்த நாள் இரட்டை நாளாக எண்ணப்பட வேண்டும். இரண்டாவது ஓட்டை பதிவில்லாப் படகு. அதற்கு டீசல் மானியம் இல்லை என்று தமிழ்நாடு சொன்னால் பாதி அடைபடும். மூன்றாவது, எங்கள் பக்கத்து இழுவைமடி. அதே பதிவேட்டில் அதே அட்டவணையில் அதுவும் இறங்க வேண்டும்.

தொடங்குவதற்கு நாளும் உண்டு. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் யூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் நெடுந்தீவுப் பக்கம் வலை கிழமையில் ஏழு நாளும் விரிபடும். யூன் 15 அதிகாலை றோலர்கள் மறுபடி புறப்படும். பதிவேடும் கருவியும் அந்த 61 நாளில் கரையில் நிற்கும் படகுகளில் பூட்டக்கூடியவை. அடுத்த தடைக்காலத்தை யூன் 14இற்குப் பதிலாக எந்தத் திகதி வரை நீட்டுவது என்பதிலிருந்து பேரத்தைத் தொடங்கலாம்.